காலியாகாத பல் அறை

பின்னறையின் சாவி அன்று காலையும் பல்லுக்காரரின் சட்டைப் பையில்தான் இருந்தது.

"சாயங்காலம் அவங்களுக்கு வீட்டைக் காட்டணும். ஞாபகம் இருக்குல்ல?" என்று அவர் மனைவி டீச்சர் கேட்டாள்.

"இருக்கு, இருக்கு."

"அந்த ரூம்?"

"பிளாஸ்டர் தூசி பறக்குது. இப்பத் திறக்காத. மத்தியானத்துக்குள்ள முடிச்சிடறேன்."

வாரக்கணக்காக இதே பதில்தான். டீச்சர் நம்பினாள். மாடியில் குடியிருக்கும் தன் அக்காவின் முகத்துக்கு நேராக, "நாங்க மூணு பேரும் போறோம்க்கா" என்று சொன்னவர் அவர்தானே? அக்கா அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு படியேறிப் போனதைத் தெருவே பார்த்தது.

கடல் தாண்டி ஒரு பள்ளியில் ஓராண்டு வேதியியல் கற்பிக்க டீச்சர் தேர்வாகியிருந்தாள். அந்தப் பள்ளியின் டீச்சர் இங்கே இவளுடைய வகுப்புக்கு வருவாள். வேலைக்கு வேலை, வீட்டுக்கு வீடு. இவர்கள் அவர்கள் வீட்டில் இருக்க வேண்டும், அவர்கள் இவர்கள் வீட்டில். எக்ஸ்சேஞ்சின் நிபந்தனை அது. இன்று மாலை இரண்டு டீச்சர்களும் போனிலேயே வீட்டைச் சுற்றிக் காட்டி, இருவரும் 'சரி' சொல்ல வேண்டும். ஒருவர் தயங்கினாலும் வாய்ப்பு காத்திருக்கும் வேறு ஜோடிக்குப் போய்விடும்.

டீச்சரின் ஆய்வகத்தில் அவள் செய்து காட்டுவதைப் பிள்ளைகள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்ப்பார்கள். பின்வரிசைக்கு நிறம் மாறுவது தெரியாது. முன்வரிசை 'ஆ' என்றால் அவர்களும் 'ஆ' என்பார்கள். அந்தப் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக ஒரு பியூரெட் குழாய் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை.

வீடு முழுக்க லேபிள் ஒட்டி வைத்திருந்தாள். குழாய், சுவிட்ச், டப்பா, ஜன்னல் கொக்கி, எல்லாவற்றிலும் அவர்கள் மொழியில். பெயர் எழுதாத பாட்டிலை அலமாரியில் வைக்கக் கூடாது என்பது அவள் பழக்கம். மகள் சுண்டு ஒரு நாள் அந்தச் சுருளிலிருந்து ஒன்றைக் கிழித்து, 'பழுது. பயன்படுத்தாதீர்கள்' என்று எழுதி, தன் பள்ளிச் சட்டையில் ஒட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள். அப்பா சிரித்தார். டீச்சர் அதைப் பிய்த்துக் குப்பையில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள்.

அது விளையாட்டு இல்லை என்று அன்று அவளுக்குத் தோன்றவில்லை.

*

மதிய இடைவேளையில் பல் டாக்டர் பள்ளிக்கு வந்தார். அவருடைய மகன் டீச்சரின் வகுப்பு. அவருடைய நோயாளிகளுக்குப் பல்செட்டும் கேப்பும் செய்து கொடுப்பது பல்லுக்காரர்.

"ஒரு வருஷம் தனியா சமாளிக்கப் போறீங்க. தைரியம்தான், டீச்சர்."

டீச்சர் ஆய்வக அலமாரியைப் பூட்டிக்கொண்டிருந்தாள். "தனியா இல்லையே, டாக்டர். மூணு பேரும்தான் போறோம்."

டாக்டர் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்.

"அவரு போகலன்னு சொன்னாரே. பீங்கான் பல் சுட புது ஃபர்னஸ்கூட வந்து இறங்கியாச்சு. இனிமே பீங்கான் கேப் எல்லாம் அவருகிட்டயே கொடுக்கப் போறேன்னு நான் மத்த லேபுக்குச் சொல்லிவிட்டுட்டேன்."

"ஓ."

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"தெரியும்" என்றாள் டீச்சர். பூட்டிய பூட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள்.

மதிய வகுப்பைக் கணக்கு வாத்தியாரிடம் ஒப்படைத்தாள். "இப்பவே பறக்கப் பழகறீங்களா?" என்று அவர் கேட்டது காதில் விழுந்தது. நிற்கவில்லை.

*

பின்னறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே சாணை பிடிக்கும் சத்தம்.

தள்ளித் திறந்தாள்.

ஒன்றுகூட நகரவில்லை. சுவர் நிறைய அலமாரி, அலமாரி நிறைய பிளாஸ்டர் பற்கள். மேல்தாடை, கீழ்த்தாடை, பாதித் தாடை. ஊரில் பாதிப் பேர் வாயைத் திறந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரப்போகும் அந்த வெளியூர் டீச்சரின் இரண்டு பெண்களுக்கும் கட்டில் போட அளந்து வைத்த இடத்தில் ஒரு புது அடுப்பு, பாலித்தீன்கூட முழுதாகப் பிரிக்காமல்.

பல்லுக்காரர் கண்ணில் மாட்டிய பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இதுதான் ரூம் காலி பண்ற லட்சணமா?"

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்போ? ஏர்போர்ட்லயா?"

அவர் சாணையை அணைத்தார். கையிலிருந்த பல்லை ஒரு துணியில் துடைத்தார். அது யாருடைய பல்லோ, அதற்கு இருந்த மரியாதை தனக்கு இல்லை என்று டீச்சருக்குத் தோன்றியது.

"நான் அங்க வந்து என்ன பண்றது? சொல்லேன். அந்த ஊர்ல என்னை ஒரு பல்லைத் தொட விடமாட்டான். நீ ஸ்கூலுக்குப் போயிடுவ. சுண்டு ஸ்கூலுக்குப் போயிடும். நான் ஜன்னல்கிட்ட உக்காந்துகிட்டு போற வர்றவன் சிரிக்கறானான்னு பார்க்கவா?"

"இதை என்கிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கணும். உங்க அக்கா முன்னாடி நெஞ்சை நிமித்திகிட்டு மூணு பேரும் போறோம்னு சொன்னது யாரு?"

"அக்கா முன்னாடி வேற என்ன சொல்றது? பொண்டாட்டி போறா, நான் வீட்டைப் பார்த்துக்கறேன்னா?"

"அவங்ககிட்ட எப்போ மாத்திச் சொன்னீங்க?"

பதில் படிக்கட்டிலிருந்து வந்தது.

"மறுநாளே சொல்லிட்டான்."

அவருடைய அக்கா மேட்ரன் வந்து நின்றாள். மருத்துவமனையில் வார்டை அதிரவைத்து ஓய்வு பெற்றவள். தெருவில் யாருக்கும் அவளுடைய வேறு பெயர் தெரியாது. அவள் மாடியில் தரை பளபளக்கும். மேலே போகிறவர்கள் செருப்பைக் கீழ்ப்படியிலேயே விட்டுவிட வேண்டும். இப்போதும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வாசலில் நின்றாள். உள்ளே கால் வைக்கவில்லை.

"அவன் ஒண்ணும் உன் லக்கேஜ் இல்ல, கூடவே தூக்கிட்டுப் போக."

"அப்ப என்கிட்ட மறைக்கச் சொன்னது நீங்கதானா அண்ணி?"

"மறைக்கச் சொல்லல. அவசரப்பட்டுச் சொல்லாதேன்னு சொன்னேன். ஃபர்னஸ் வாங்கச் சொன்னதும் நான்தான். தொழிலைப் பெருக்கிட்டா எவன் ஊரைவிட்டுப் போவான்? ஆம்பளைய ஒரு வருஷம் அடுப்படியில நிக்க வெக்கப் பார்த்தியே..."

"இப்ப மட்டும் யாரு நிக்கறாங்க? தினமும் உங்களுக்கு டிபன் மேல வருதே, அது யார் சமையல்னு நெனச்சீங்க?"

மேட்ரன் தம்பியைப் பார்த்தாள். தம்பி அடுப்பைப் பார்த்தார்.

அந்த நேரத்தில் சுண்டு பள்ளியிலிருந்து வந்தாள். பின்னறை வாசலில் கூடி நிற்கும் மூவரையும் பார்த்ததும் அவள் வாயிலிருந்து தானாக வந்தது: "அச்சச்சோ. தெரிஞ்சிடுச்சா?"

டீச்சர் மெதுவாகத் திரும்பினாள்.

"உனக்குமா?"

சுண்டுவுக்குக் காது சிவந்தது. ஆனால் பின்வாங்கவில்லை.

"ஆமா. நானும் வரல. அப்பாகூட இங்கதான் இருப்பேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ எப்பக் கேட்ட? 'அப்பா சரின்னுட்டாரு, போறோம்'ன. என் ஸ்கூல், என் ஃப்ரெண்ட்ஸ், ஒண்ணும் கேக்கல. நீ லேபிள்தான் ஒட்டுன."

மகள் கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருக்கலாம். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

டீச்சர் குளியலறைக்குப் போய் முகத்தில் தண்ணீரை அடித்தாள். குழாயின் மேல் அவள் கையெழுத்து: 'சுடுநீர் வரக் கொஞ்சம் நேரமாகும். பொறுத்திருக்கவும்.' அவளே எழுதியது. அதையும் பிய்த்துப் போடலாமா என்று நினைத்தாள். ஈரக்கையால் தொட்டுப் பார்த்து அப்படியே விட்டுவிட்டாள்.

வெளியே வந்தபோது பல்லுக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு அந்த ரூமை மட்டும் காட்டாத. ஏதோ ரிப்பேர்னு சொல்லிடு. அப்புறமா ஒரு வழி பண்ணலாம்."

"போனையே எடுக்க வேணாம்" என்றாள் மேட்ரன். "எடுக்கலன்னா தானா அடுத்த ஜோடிக்குப் போயிடும். உனக்கும் கெட்ட பேர் இல்ல, எங்களுக்கும் இல்ல. கரன்ட் போச்சு, சிக்னல் இல்லன்னு ஏதாவது சொல்லிக்க."

"அதையும் நீங்களே யோசிச்சு வெச்சிட்டீங்களா?"

"யாராவது யோசிக்கணும்ல?"

மேசை மேல் போன் அதிர ஆரம்பித்தது.

நால்வரும் அதைப் பார்த்தார்கள். யாரும் நகரவில்லை. அது அதிர்ந்துகொண்டே மேசையின் ஓரத்துக்கு ஊர்ந்தது. விழப்போகிற நேரத்தில் டீச்சர் எடுத்தாள்.

*

போனில் தெரிந்த அந்த டீச்சர் மெலிந்தவள். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். இடுப்பருகே அவளுடைய சின்னப் பெண்ணின் தலைமுடி மட்டும் தெரிந்தது. அங்கே காலை நேரம்.

முதலில் அவள் தன் வீட்டைக் காட்டினாள். கூடம், சமையலறை, துவைக்கும் இயந்திரம், புத்தக அலமாரியில் இவர்களுக்காக ஒதுக்கிய தட்டு. எல்லாவற்றையும் நிதானமாகக் காட்டினாள். நடையின் கோடியில் ஒரு கதவு வந்தபோது மட்டும் வேகம் கூடியது.

"இது வெறும் சாமான் அறை" என்றாள் அவர்கள் மொழியில்.

சாமான் அறைக்குள் யாரோ இருமினார்கள்.

அந்த டீச்சர் சட்டென்று கேமராவைத் தன் முகத்துக்குத் திருப்பினாள். "இப்போது உங்கள் முறை."

டீச்சர் ஒன்றும் கேட்கவில்லை. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். லேபிள்களைப் பார்த்து அந்த டீச்சர் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள். "ஜன்னல் கொக்கிக்கும்கூடவா!" என்று சிரித்தாள். கூடம் முடிந்தது. சமையலறை முடிந்தது. படுக்கையறையும் முடிந்தது.

பின்னறை வாசலில் பல்லுக்காரர் குறுக்கே நின்றார்.

"வேணாம்" என்றார்.

டீச்சரின் முகத்தில் போனுக்கான சிரிப்பு அப்படியே இருந்தது. அந்தச் சிரிப்பு கலையாமல், "நகருங்க" என்றாள்.

அவர் நகர்ந்தார்.

போன் அலமாரி அலமாரியாகப் போனது. பிறகு அந்தச் சின்னப் பெண்ணின் முகம் திரை முழுக்க வந்தது. இதெல்லாம் யாருடைய பற்கள், ராத்திரியில் இவை பேசிக்கொள்ளுமா என்று கேட்டாள். சுண்டு தன்னை மறந்து சிரித்துவிட்டு, உடனே முகத்தை மாற்றிக்கொண்டாள்.

அந்த டீச்சர் சிரிக்கவில்லை. "இது என் பெண்களுக்கான அறை என்றல்லவா சொன்னீர்கள்? உங்கள் கணவர் உங்களோடு வருகிறார் என்றும்..."

இப்போது பொய் சொல்ல நிறைய வழி இருந்தது. ரிப்பேர் என்கிற வழியும் இருந்தது. டீச்சர் வகுப்பில் பேசுகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"என் கணவர் வரவில்லை. இங்கேயே தொழிலைப் பார்க்கப் போகிறார். ஆனால் இந்த வீட்டை உங்களுக்குத் தருவதாகச் சொன்னோம். அதில் மாற்றம் இல்லை. நீங்கள் வருவதற்குள் இந்த அறை காலியாக இருக்கும். அவர் மாடியில் தன் அக்கா வீட்டுக்குப் போகிறார். பற்களோடு."

மேட்ரனுக்கு அந்த மொழி வராது. ஆனால் எல்லோர் கண்ணும் தன் பக்கம் திரும்பியதைக் கவனித்துவிட்டாள்.

"என்ன சொல்றா?" என்று சுண்டுவை இடித்தாள்.

"அப்பா உங்க வீட்டுக்குக் குடி வர்றாராம், அத்தை."

"என்னது?"

"பல்லு எல்லாத்தோடயும்." சுண்டு ஒரு கணம் யோசித்துச் சேர்த்தாள். "அந்த ஃபர்னஸும்."

மேட்ரனின் கைக்குட்டை மூக்கிலிருந்து இறங்கியது. வாய் திறந்தது. ஆனால் கேமரா இப்போது அவள் பக்கம் திரும்பியிருந்தது. திரையில் அந்த டீச்சர் கையசைத்து ஏதோ சொன்னாள்.

"தம்பிக்கு இடம் கொடுக்கிற அக்கா நீங்கதானான்னு கேக்கறாங்க. உங்களுக்கு ரொம்பப் பெரிய மனசாம்" என்றாள் சுண்டு.

வேறு வழியில்லாமல் மேட்ரன் பல்லைக் காட்டினாள். அந்த அறையில் அது தனியாகத் தெரியவில்லை.

அந்த டீச்சர் ஒரு முறை பின்னால், நடையின் கோடியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "சரி" என்றாள். "என் பக்கம் சரி."

"என் பக்கமும் சரி" என்றாள் டீச்சர்.

துண்டிக்கும் முன் அந்த டீச்சர் திரைக்கு அருகில் வந்தாள். "உங்களோடு மட்டும் தனியாக ஒரு முறை பேசலாமா? இன்றைக்கே?"

*

"என் வீட்டை என்னைக் கேக்காம எடுத்துக் கொடுக்க நீ யாரு?" போன் அணைந்த மறுகணம் மேட்ரன் ஆரம்பித்தாள்.

"என்னைக் கேக்காம என் வீட்டுல ஃபர்னஸ் வெச்சீங்களே அண்ணி."

"தரையில அந்தத் தூசி ஒரு பொட்டு விழுந்தாலும் நான் மனுஷியா இருக்க மாட்டேன்!"

"அக்கா, நீங்கதானே இங்கயே இருடான்னு சொன்னீங்க" என்றார் பல்லுக்காரர்.

"இருடான்னேன். என் வீட்டுல இருடான்னு சொன்னேனா?"

"ரெண்டு பேரும் என்னை ஒரு வார்த்தை கேக்கவே இல்லையே..."

"நீ பேசாத" என்றாள் மேட்ரன்.

"நீங்க பேசாதீங்க" என்றாள் டீச்சர், அதே நேரத்தில்.

மேட்ரன் படியேறினாள். கீழ்ப்படியில் விட்டிருந்த செருப்புகளை மாட்டிக்கொண்டே மேலே போனாள். அவள் அப்படிப் போய் யாரும் பார்த்ததில்லை.

டீச்சர் படுக்கையறைக்குப் போனாள். பெரிய பெட்டி கட்டிலில் திறந்து கிடந்தது. அதிலிருந்து அவருடைய சட்டைகளை எடுத்தாள். குளிருக்காக வாங்கிய கனத்த கம்பளிச் சட்டையையும் எடுத்தாள். மடிப்புக் கலையாமல் நாற்காலியில் அடுக்கினாள்.

அவர் வாசலில் வந்து நின்றார். பூதக்கண்ணாடி இன்னும் நெற்றியில் இருந்தது.

"நிஜமாவே போயிடுவியா?"

"நிஜமாவே வரமாட்டீங்களா?"

அவர் சட்டைகளைப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். சண்டையாவது போடுவார் என்று நினைத்தாள். அவர் சட்டைகளை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டார். கம்பளிச் சட்டை மட்டும் நாற்காலியில் கிடந்தது. மறந்தாரா, விட்டுவிட்டுப் போனாரா என்று தெரியவில்லை.

மேலே கனமான எதையோ தரையில் இழுக்கும் சத்தம் கேட்டது. மேட்ரன் இடம் ஒதுக்குகிறாளா, கதவுக்கு முட்டுக் கொடுக்கிறாளா?

சுண்டு உள்ளே வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். லேபிள் சுருளை எடுத்து விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

"அப்ப நான் எங்க இருக்கணும்? மாடியிலயா?"

"அதை நான் சொல்லப் போறதில்ல."

"ஏன்? எப்பவும் நீதானே சொல்லுவ?"

"இந்தத் தடவ கேக்கறேன். நீ எங்க இருக்க ஆசைப்படற?"

சுண்டு சண்டைக்குத் தயாராக வந்திருந்தாள். அதற்குரிய பதில்களெல்லாம் அவளிடம் இருந்தன. இந்தக் கேள்விக்கு இல்லை. கூரையைப் பார்த்தாள். மேலே இழுக்கும் சத்தம் நின்றிருந்தது. பெட்டியைப் பார்த்தாள். பாதி காலியாக இருந்தது.

"நான் யோசிக்கணும்" என்றாள். குரல் இன்னும் விறைப்பாகத்தான் இருந்தது. ஆனால் எழுந்து போகவில்லை.

அப்போது போன் ஒலித்தது.

"அவங்கதான்" என்றாள் சுண்டு.

டீச்சர் எடுத்தாள். இம்முறை முகம் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது. பின்னால் காற்றும், வண்டிகள் போகும் சத்தமும் கேட்டன. அந்த டீச்சர் வீட்டுக்கு வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கடைசிக் கதவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இருமல் கேட்டிருக்கும்."

"கேட்டது" என்றாள் டீச்சர். "உங்கள் கணவரா?"

"ஆமாம். உங்கள் ஊருக்கு வரமாட்டேன் என்கிறார். அந்த அறையையும் காலி செய்யமாட்டாராம். நீங்களும் உங்கள் மகளும் வந்து இறங்கும்போதும் அங்கேயேதான் இருப்பாராம்."

சுண்டு சுருளைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் அருகே நகர்ந்தாள். அவளுக்கும் அந்த மொழி புரியும்.

"நீங்கள் உண்மையைச் சொன்னீர்கள். நான் சொல்லவில்லை. உங்களைப் போல நானும் அவரை அனுப்பிவிடலாம் என்றுதான் 'சரி' என்றேன்." அந்தக் குரல் மூச்சு வாங்கியது. "ஆனால் என் வீட்டுக்கு மாடி இல்லை. அவருக்கு அக்காவும் இல்லை."